முன்வரிசையில் என் போத்தல்

அக்கா,

நேற்று கோயில் அன்பியத்தின் செபக் கூட்டம் ரோசி வீட்டில். வாரம் ஒரு வீடு என்று நாம் சுற்றி வருவோமே, அதே அன்பியம்தான், அதே குடும்பங்கள்தான். செபமாலை முடிந்து கோப்பி வந்தது. ரோசி உள்ளே போய் ஒரு போத்தலை எடுத்து வந்தாள். அவள் இன்னும் வைட்டமின் விற்பதை விடவில்லை. மூடியைத் திருகி, வாயில் ஒட்டியிருந்த வெள்ளித் தாளைக் கட்டைவிரலால் குத்திக் கிழித்து, என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாருங்கக்கா, அசல் சாமான்" என்றாள்.

மோந்தேன். புளித்த மாவோடு இரும்பையும் கலந்து வைத்த மாதிரி ஒரு வாடை. கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் வீட்டு முன்கூடத்தின் வாடை அது. கடைசி வருஷம் முழுக்க உங்கள் வீட்டில் சமையல் வாடையைவிட அதுதான் தூக்கலாக இருந்தது.

லாயாங்-லாயாங் ஊருக்குப் போகிற சாலையில் இருக்கிறாளே விமலா, அவளுக்கு உங்களுக்கு வந்த அதே நோய், குடலில். கீமோ ஆரம்பித்துவிட்டார்கள். அன்பியத்திலிருந்து யார் போய்ப் பார்ப்பது என்று பேச்சு வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தவள் நான் என்று ஊருக்கே தெரியும். "ஸ்டெல்லாக்காவுக்குத்தான் இதெல்லாம் பழக்கம்" என்றாள் ரோசி. சொல்லிவிட்டு, பிரிக்காத போத்தல் ஒன்றை என் மடியில் வைத்து, விமலாவிடம் கொடுக்கச் சொன்னாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அக்கா. வாங்கிக்கொண்டேன். உங்களுக்குச் செய்ததையே இன்னொரு முறையும் செய்யத் தலையாட்டிவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் நீங்கள், அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக நான். எனக்கு மணி பத்தானால் நாற்காலியில் இருப்புக் கொள்ளாது, உங்கள் அடுப்படிக்கு வந்துவிடுவேன். யார் மனசையும் முறிக்கத் தெரியாத ஆள் நீங்கள். ஒரு தலைமையாசிரியர் வந்தாரே, தன் மனைவி மிளகாய்ச் சம்பலில் சீனி தூக்கலாகப் போடுவாள், அதுதான் ருசி என்று உங்களுக்கே பாடம் எடுத்தாரே. "சரிங்க சார்" என்றீர்கள். மாற்றலாகிப் போகும்வரை அவருக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் சீனிச் சம்பல். நான் உங்களை எவ்வளவு கிண்டல் செய்தேன். "அவருக்கு ஒரு சந்தோசம், எனக்கு ஒரு கரண்டி சீனி, போவுது விடுடி" என்பீர்கள்.

அந்தக் குணத்தை நான் நன்றாக அறிந்தவள். அப்படியிருந்தும் அது உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யோசிக்கவில்லை.

நோய் என்று தெரிந்ததும் எல்லாரும் வந்தோம். நம் ஆட்களுக்கு நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போக வராது. முன்பெல்லாம் ஆரஞ்சு, ரொட்டி, மைலோ டின். இப்போது போத்தல். சத்து மாத்திரை, மீனெண்ணெய், தண்ணீரில் போட்டால் நுரைத்துக்கொண்டு கரைகிற வில்லை, ஏதோ பச்சைத் தூள், ஏதோ விதைச் சாறு. யார் எதைக் கொண்டுவந்தாலும் கூடவே ஒரு கதையும் கொண்டுவந்தார்கள். சிகாமட்டில் ஒருவருக்கு, பொந்தியானில் இன்னொருவரின் மாமியாருக்கு, இதைச் சாப்பிட்டுத்தான் கட்டியே காணாமல் போனதாம். நீங்கள் ஒவ்வொரு கதையையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டீர்கள்.

என் போத்தல் சிங்கப்பூர்ப் போத்தல். என் வீட்டுக்காரர் அங்கே வேலை முடிந்து பாலம் தாண்டி வரும்போது வாங்கி வந்தது. இருப்பதிலேயே பெரியது, எழுத்தெல்லாம் தங்க நிறம். சிங்கப்பூர்ச் சாமான் என்றால் நமக்கு ஒரு மதிப்பு இருக்கிறதே, அந்த மதிப்பு முழுவதையும் நானே சம்பாதித்த மாதிரி உங்கள் கையில் கொடுத்தேன். ரோசி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்ததில் எனக்கு ஒரு சந்தோஷம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போத்தல்களை டிவி மேசையில் வரிசையாக வைத்திருந்தீர்கள். நான் வரும்போதெல்லாம் என்னுடையது முன்னால் நிற்கும். நான் உட்கார்ந்ததும் மகள் அமலியைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, என் போத்தலிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து என் கண் முன்னாலேயே விழுங்குவீர்கள். "உன் மருந்துதான்டி, பாரு, கொஞ்சம் தெம்பா இருக்கு" என்பீர்கள். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவேன்.

ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்தேன். சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி. அமலி கதவைத் திறந்தாள். என் கண் நேராக டிவி மேசைக்குத்தான் போனது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று பார்க்கவில்லை, என் போத்தல் எங்கே என்று பார்த்தேன். அது சுவரோரமாகக் கடைசியில் நின்றது. முன்னால் ரோசியின் போத்தல். அவள் அப்போதுதான் வந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

எனக்கு முகம் செத்துவிட்டது. உட்கார்ந்தேன். நீங்கள் ஏதோ கேட்டீர்கள், ம் என்றேன். பசியாறிட்டியா என்றீர்கள், ஆச்சு என்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள், மேசையைப் பார்த்தீர்கள். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், பின்னாலிருந்து என் போத்தலை எடுத்தீர்கள். காலையில் சாப்பிட மறந்துவிட்டதாகச் சொல்லி, ஒன்றுக்கு இரண்டாக வாயில் போட்டுக்கொண்டீர்கள். ரோசிக்காக ஒரு மாத்திரை அப்போதுதான் உள்ளே போயிருந்தது. அமலி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு உடனே முகம் தெளிந்துவிட்டது. அதுதான் வெட்கக்கேடு. தெளிந்துவிட்டது, அக்கா. பிறகு நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.

அன்பியம் உங்கள் வீட்டில் கூடுகிற நாட்களில் நீங்கள் பட்ட பாட்டை அமலி பிறகு சொன்னாள். கொடுத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே கூடத்தில் இருப்பார்கள். யாரையும் விடமுடியாது. ஒரு தட்டில் எல்லாவற்றிலும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எல்லார் முன்னாலும் விழுங்குவீர்கள். நாங்களும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அன்று ராத்திரிக்கு உங்களுக்குக் கஞ்சி இறங்காது. கீமோவினால் வாந்தி என்று நாங்கள் பரிதாபப்பட்டோம்.

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கார் ஓட்டினேன். அமலிக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைப்பது கஷ்டம், நான் பள்ளியில் கேட்டு வாங்கிக்கொள்வேன். வழியில் நான் சொன்னேன்: "டாக்டர்கிட்ட இந்த வைட்டமின் கதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதீங்கக்கா. ஏசுவாங்க. அவங்களுக்கு அவங்க மருந்துதான் பெருசு." எனக்கு என்ன தெரியும் என்று அப்படிச் சொன்னேன்? கிராணி வேலை பார்க்கிறவள் நான். ஆனால் யாராவது நோயில் விழுந்தால் நம் எல்லாருக்கும் எங்கிருந்தோ ஒரு டாக்டர் படிப்பு வந்துவிடுகிறது.

டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், சின்ன வயசு, முகத்தில் சிரிப்பு மாறாதவர். ஒவ்வொரு முறையும் மலாயில் அந்தக் கேள்வியைக் கேட்டார். வைட்டமின், சத்து மாத்திரை, நாட்டு மருந்து ஏதாவது வெளியில் வாங்கிச் சாப்பிடுகிறீர்களா, மாச்சிக்? அத்தை என்கிற மாதிரி உங்களை அப்படித்தான் கூப்பிடுவார். நீங்கள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "தாக் அடா, டாக்டர்" என்பீர்கள். இல்லையாம். பக்கத்து நாற்காலியில் நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பூசைக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

பிறகு ஒரு முறை ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு எகிறிவிட்டது. அன்றைக்குக் கீமோ கிடையாது என்றார்கள். ஊசி ஏற்றுகிற அறைக்குப் போகத் தயாராகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். டாக்டர் அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார். இந்த முறை சிரிக்கவில்லை. அன்றைக்கு அதிசயமாக அமலியும் லீவு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவள் எழுந்து, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தான் தூக்கிவந்திருந்த பிளாஸ்டிக் பையை டாக்டர் மேசையில் வைத்தாள். பேரங்காடிப் பை. போத்தல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தன.

டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கத்து எழுத்தைப் படித்தார். என்னுடைய தங்க எழுத்துப் போத்தலை மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கையில் வைத்திருந்தார். ஏசவில்லை. சிலது கீமோ மருந்தின் வேலையைக் கெடுக்கலாம், சிலது ஈரலுக்குச் சுமை, சிலது சும்மா, ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரு வயிற்றுக்குள் போனால் எது என்ன செய்தது என்று என்னாலேயே சொல்ல முடியாது என்றார். சாப்பிடவே கூடாது என்று சொல்லவில்லை. தேவைப்பட்டால் நானே எழுதித் தருவேன், என்னைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றார். கடைசியில் என் பக்கம் திரும்பி, நீங்கள் அவருடைய தங்கையா என்று கேட்டார். கூடப் பிறந்தவள் இல்லை என்று சொல்லாமல், ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

ஈரல் சரியாகும்வரை கீமோ தள்ளிப்போனது. திரும்பி வரும் வழியில் அமலி பின் இருக்கையில் தூங்கிவிட்டாள், அல்லது என்னோடு பேச விருப்பமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள். நீங்கள் வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். சிகிச்சை நின்றுபோனதை நினைத்துக் கலங்குகிறீர்கள் என்று எண்ணி, நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"இனிமே யாரும் வரமாட்டாங்கடி."

ஏன்க்கா அப்படிச் சொல்கிறீர்கள் என்றேன்.

"டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்கன்னு சொன்னா, அப்புறம் என்னத்தக் கொண்டு வருவீங்க? வெறுங்கையோட வரக் கூச்சப்படுவீங்க. கூச்சப்பட்டு வராமலே இருந்துடுவீங்க. அதுக்குத்தான் எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டு இருந்தேன். மாத்திரையில என்னா இருக்கு, எனக்கென்னா தெரியும்?"

கார் ஓட்டிக்கொண்டிருந்ததால் உங்கள் முகத்தைப் பார்க்காமல் தப்பித்தேன். சிரித்தேன் என்றுகூட ஞாபகம். "என்னாக்கா பேச்சு இது? யாரு வராட்டி என்னா, நான் வருவேன்ல" என்றேன்.

நீங்கள் சொன்னபடியேதான் நடந்தது. டாக்டர் தடுத்துவிட்டார் என்று சேதி பரவியதும், அன்பியத்தில் எல்லாரும் ஐயோ பாவம் என்றார்கள். அடுத்த வாரம் சிலர் ஆரஞ்சு கொண்டுவந்தார்கள். வாய்ப்புண், அது எரிகிறது என்றீர்கள். பிறகு அதுவும் நின்றது. வந்தால் என்ன பேசுவது, கையை எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாத்திரை இருந்தபோது அதைப் பற்றிப் பேசலாம். சாப்பிட்டீர்களா, எப்படி இருக்கிறது, இன்னொன்று வாங்கி வரட்டுமா. அது போனபின் உங்களிடம் பேச எங்களுக்கு நோயைத் தவிர ஒன்றும் இல்லாமல் போனது.

ரோசியைச் சொல்லவில்லை, மற்றவர்களைச் சொல்லவில்லை. நான் என்ன செய்தேன்? முதல் வாரம் தலைவலி. அடுத்த வாரம் பள்ளியில் கணக்குப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். அதற்கடுத்து மழை. நம் ரெங்கம் ஊரில் மழை பெய்யாத வாரம் எது? ஆஸ்பத்திரிக்கு மட்டும் கார் ஓட்டினேன், அதுவும் அமலிக்கு லீவு கிடைக்காத தடவைகள் மட்டும். வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு வாசலிலேயே இறக்கிவிடுவேன். உள்ளே வா என்பீர்கள். வேலை கிடக்குதுக்கா என்பேன். உண்மையில் அந்த டிவி மேசையைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அமலி அதைத் துடைத்து வெறுமையாக வைத்திருந்தாள்.

ஒரு நாள் நீங்களே போன் செய்தீர்கள். எதுவும் கொண்டுவர வேண்டாம், சும்மா வா, கேண்டீன் கதை பேசலாம் என்றீர்கள். குரல் மெலிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறேன் என்றேன். வரவில்லை. காரணம்கூட ஒன்றும் இல்லை, அக்கா. பூசை முடிந்து கார்க் கதவைத் திறந்தேன். போகும்போது என்ன வாங்கிப் போவது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன்.

கீமோ மறுபடி தொடங்கி நடந்தது, கொஞ்ச நாள் தேறினீர்கள், பிறகு நோய் வேறு இடத்துக்குப் பரவியது. தள்ளிப்போன அந்த இடைவெளியினாலா என்று டாக்டரிடம் கேட்கத் தைரியம் எனக்கு இல்லை. அமலி கேட்டிருக்கிறாள். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, அதை மனசில் போட்டுக்கொள்ளாதே என்றாராம். அதை அமலி எனக்காகவே என்னிடம் வந்து சொன்னாள். நல்ல பிள்ளை, உங்கள் குணம். ஆனால் போகிறபோது இன்னொன்றும் சொன்னாள்: "வாசல்ல எந்தக் காரு நின்னாலும், ஸ்டெல்லா வந்துட்டா போலன்னு அம்மா எந்திரிச்சு உக்காந்துக்குவாங்க ஆன்ட்டி." குத்திக்காட்டவில்லை அவள். சும்மா அம்மாவைப் பற்றி ஒரு சேதியாகத்தான் சொன்னாள்.

உங்கள் அடக்கத்துக்கு எல்லாரும் வந்தோம். கூடம் கொள்ளவில்லை, வாசலில் கூடாரம் போட்டார்கள். அன்றைக்கும் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. பூ வளையம், மாலை, மெழுகுதிரிப் பெட்டி. என்னுடையதுதான் பெரிய வளையம். சவப்பெட்டியின் தலைமாட்டில் முன்னால் வைத்தார்கள். யார் வைத்தது என்று தெரியவில்லை. அதை எடுத்துப் பின்னால் வைக்கவேண்டும்போல இருந்தது, ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று சாயங்காலம் விமலா வீட்டுக்குப் போனேன். ரோசி கொடுத்த போத்தலைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். இறங்கி நடந்த தூரம் கொஞ்சம்தான். ஆனால் கைகள் இரண்டும் யாருடையவோ மாதிரி தொங்கின. கைப்பையை முன்னால் பிடித்துக்கொண்டேன். கதவைத் திறந்த விமலாவின் மாமியார் முதலில் என் கையைத்தான் பார்த்தார், பிறகுதான் முகத்தை. அன்றைக்கு உங்கள் டிவி மேசையை நான் பார்த்த அதே பார்வை, அதனால் கோபிக்க முடியவில்லை.

விமலாவின் டிவிக்குப் பக்கத்திலும் போத்தல்கள் நின்றன. உங்களிடம் இருந்த அளவுக்கு இல்லை, இப்போதுதானே ஆரம்பம். டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். எல்லாவற்றையும் ஒரு பையில் போடு, அடுத்த முறை டாக்டர் மேசையில் வை, அவர் சாப்பிடு என்றால் சாப்பிடு, வேண்டாம் என்றால் விட்டுவிடு என்றேன். உங்களைப் பற்றியும் சொன்னேன். என்னைப் பற்றிச் சொல்லவேண்டியதையும் சொன்னேன், கொஞ்சம் விட்டுவிட்டுத்தான்.

அவள் வெகுநேரம் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, மாமியார் அடுப்படியில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வேணாம்னு சொன்னா கோவிச்சுக்குவாங்கக்கா. அப்புறம் யாரும் வரமாட்டாங்க."

நீங்கள் அந்தக் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன அதே வார்த்தை. எனக்குப் பதில் தயாராக இருந்தது, அக்கா. "யாரு வராட்டி என்னா, நான் வருவேன்ல" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் நிம்மதியாகச் சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும், இந்த வாக்கை நான் ஏற்கெனவே ஒருத்திக்குக் கொடுத்தவள் என்று.

ரோசியிடம் போத்தலைத் திருப்பிக் கொடுத்து ஏன் என்று சொல்லவேண்டும். அவள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், அது என் முகம்தானே. அது ஒருநாள் கஷ்டம், முடிந்துவிடும். வியாழக்கிழமை விமலா வீட்டுக்குப் போகவேண்டும், அதற்கடுத்த வியாழக்கிழமையும். மழை பெய்தாலும், பேச ஒன்றும் இல்லாவிட்டாலும். கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு வாசலில் நிற்க எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது, அக்கா. அந்தக் கூச்சத்தோடே போகிறேன். உள்ளே யாரோ கார் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்திருப்பார்கள்.

உங்கள்
ஸ்டெல்லா